அறுபது நாள் பூட்டு

கடிதம் ‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்கியது. எனக்கு அந்த இடத்திலேயே கோபம் ஏறிவிட்டது. உயர்தர வகுப்பில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல மூடிவைத்தவன், என்னைப் போய் ஐயா என்கிறான். அதுவும் இங்கிலீஷில்.

மின்னஞ்சலில் விஷயம் நாலே வரிதான். தன்னுடைய விருந்தினர் விடுதியின் இணையத்தளத்தை வேறொரு கம்பனிக்கு மாற்றப்போகிறானாம். டொமைனை மாற்றுவதற்கான கோட் நம்பரையும் தளத்தின் கோப்புகளையும் தாமதமில்லாமல் அனுப்பிவைக்கவேண்டுமாம். கீழே அவனுடைய முழுப்பெயர். அவனுக்கு இப்படி ஒரு முழுப்பெயர் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர் இணையத்தளத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று பெயர். அதைத்தான் டொமைன் என்கிறோம். மற்றது, அந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களுக்குக் காட்டவேண்டிய படங்களையும் எழுத்துகளையும் வைக்க ஓர் இடம். அது ஹோஸ்டிங். வெளிநாட்டுப் பெரிய கம்பனி ஒன்றிடம் இரண்டையும் மொத்தமாக எடுத்து, இங்கே சில்லறையாகக் கொடுப்பது என் பிழைப்பு. வாடிக்கையாளர் என்னை விட்டுப் போவதென்றால் நான் அந்தக் கோட் நம்பரைக் கொடுக்கவேண்டும். அதைக் கொண்டுபோய்ப் புதுக் கம்பனியிடம் கொடுத்தால் பெயர் அங்கே போய்விடும். மொத்தத்தில் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலையை நான் எப்படி இழுத்தடித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், அப்பாவும் அம்மாவும் இருந்து செத்த அதே ஒற்றைக் காம்பராவில் நான் இருக்கிறேன். ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, கூரையில் ஓர் அன்டெனா. அவ்வளவுதான் என் கம்பனி. காலையில் எல்லோரும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டு அப்படியே மலைக்குக் கொழுந்து பறிக்க. கைக்குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிடுவார்கள், பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு பின்னேரம் வரைக்கும் அந்த லயத்தில் நானும் நாலு நாய்களும்தான். பகல் நேரத்து லயம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்கள் அங்கே இருப்பதில்லை. பீலியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைப் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் வேலை செய்கிறேன் என்று லயத்தில் ஒருவரும் நம்புவதில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா மலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, “தம்பி, சும்மாதானே இருக்கீங்க, மழை வந்தா துணிய கொஞ்சம் எடுத்துப் போட்டுருங்க” என்பார். முதலில் அவருடைய துணி மட்டும். பிறகு மற்றக் காம்பராக்காரர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். கனடாவில் இருக்கிற ஒருவருக்குத் தளம் நின்றுபோய்விட்டது என்று பதறிக்கொண்டு வேலை பார்க்கும்போது தூறல் விழும். நான் எழுந்து ஓடி ஆறு வீட்டுப் பாவாடைகளையும் சட்டைகளையும் வாசல் திண்ணையில், எங்கள் இஸ்தோப்பில், அள்ளிப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். அந்தத் துணிகளை யாருடையது என்று பார்த்து மடித்துவைக்கவும் பழகிவிட்டேன்.

கல்யாணம் கூடிவரவில்லை. ‘மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்’ என்ற கேள்விக்கு என் அம்மாவால் கடைசிவரை ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் ரோஷம் கொஞ்சம் அதிகம். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் லேசாகச் சிரித்தார் என்பதற்காகத் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தவன் நான். வாடிக்கையாளர்கள் முப்பது, நாற்பது பேர் இருக்கிறார்கள். அதில் முகம் பார்த்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரில் முதலாவது ஆள், ஐயா என்று எழுதிய இவன்.

இவனுடைய விடுதி அப்புத்தளையில், மலை முகட்டின் ஓரத்தில் இருக்கிறது. நாலு அறை. வானம் தெளிந்திருந்தால் ஜன்னலிலிருந்து தெற்கே சமவெளி முழுக்கத் தெரியும், தெளியாவிட்டால் ஜன்னலே தெரியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த முதல் இணையத்தளம் அதுதான். இரண்டு நாள் அவன் வீட்டில் தங்கி, படம் எடுத்து, அவன் சொல்லச் சொல்ல எழுதி, அவன் மனைவி சுட்டுக் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டே முடித்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் மூன்றாவது ஆளாக இருந்த அந்த இரண்டு நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தளத்தில் ஒரு விசாரணைப் படிவம் வைத்தேன். வருகிறவர் தன் பெயர், தேதி, எத்தனை பேர், என்ன கேட்கவேண்டும் என்று நிரப்பி அனுப்பினால் அது அவனுக்கு மின்னஞ்சலாகப் போகும். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பிரதி எனக்கும் வருகிறமாதிரி அமைத்தேன். வந்தது. சோதனை முடிந்ததும் அதை எடுத்துவிடவேண்டும். முதலில் மறந்துவிட்டேன். பிறகு மறந்தவன்போல இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாக அவனுக்கு வந்த கடிதங்களை நான் வாசித்திருக்கிறேன். மனைவிக்கு முழங்கால் வலி, படிகள் எத்தனை என்று கேட்ட ஜெர்மன்காரர். சைவச் சாப்பாட்டுக்குத் தனிச் சட்டியா என்று கேட்ட யாழ்ப்பாணத்து அம்மா. மேகம் இல்லாத நாளாகப் பார்த்து அறை தரமுடியுமா என்று கேட்ட ஒருத்தர். மேகத்துக்கு நாங்களா பொறுப்பு என்று நான் இங்கே தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் பதில் எழுதுவேன். எந்தெந்த நாள் அவன் வீடு நிறைந்திருக்கிறது, எப்போது காலி என்று எனக்குத் தெரியும். நிறைந்த நாட்களில் எனக்கே விருந்தாளி வருகிறமாதிரி ஒரு பரபரப்பு இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்தவன் கடிதத்தை வாசிப்பது திருட்டு. தெரிந்துதான் செய்தேன். எனக்கு யாரும் எழுதுவதில்லை, அதனால் செய்தேன்.

அவனுக்கும் எனக்கும் பெரிய சண்டை எதுவும் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அவன் கேக் கொண்டுவருவான், தீபாவளிக்கு நான் பலகாரம் கொண்டுபோவேன். பிறகு பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினோம். பிறகு வாட்ஸ்அப்பில் விளக்குப் படமும் மணிப் படமும் அனுப்பிக்கொண்டோம். எங்கள் வகுப்புக்காரர்களின் குழு ஒன்று இருந்தது. போன வருஷம் அதில் ஒருவன், “நீ இன்னும் லயத்துலயா இருக்க?” என்று என்னைக் கேட்டான். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இவனும் ஒன்று போட்டான். நான் அந்த நிமிஷமே குழுவை விட்டு வெளியேறினேன். அன்று பின்னேரம் இரண்டு தடவை எனக்குப் போன் எடுத்தான். நான் தூக்கவில்லை. அதற்குப் பிறகு அவனும் எடுக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ‘அன்புள்ள ஐயா’.

எங்கள் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் லயத்தை விட்டு வேறு இடத்துக்குக் குடிபோவதென்றால் எல்லாக் காம்பரா வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் அந்த வாசலிலும் ஒரு நிமிஷம் நிற்பார். உள்ளே இருக்கிறவரும் எழுந்து வந்து நிற்பார். சொல்லாமல் போனால் அது செத்தாலும் மறக்காத குறை. கல்யாண அழைப்பும் அப்படித்தான். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் யாரும் போகமாட்டார்கள். கணினியில் ஒரு பெயரை இங்கிருந்து அங்கே மாற்றுவதற்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து பொருத்துவது கிறுக்குத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது நூற்றுக்கு நூறு நியாயமாகப் பட்டது. பன்னிரண்டு வருஷம் என்னிடம் இருந்தவன் போவதென்றால் வந்து என் வாசலில் நின்று சொல்லட்டும். வந்தால் கோட் நம்பரைக் கையில் எழுதிக் கொடுத்து, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புகிறேன். வராமல் கிடையாது.

காத்திருந்தேன். பதுளை பஸ் கீழ் வளைவில் ஹோர்ன் அடிக்கும் போதெல்லாம் எழுந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் அதே இங்கிலீஷில் ஒரு நினைவூட்டல் வந்தது. அதில் இரண்டு ஐயா.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அந்த டொமைன் ஆரம்பத்திலிருந்தே என் பெயரில்தான் பதிவாகியிருந்தது. அவனிடம் அப்போது வெளிநாட்டில் செல்லுபடியாகிற கார்ட் இல்லை, அதனால் நான் என் பெயரில் போட்டேன். உரிமையாளர் பெயரை மாற்றினால் அறுபது நாளைக்கு அந்த டொமைனை வேறு கம்பனிக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழும். திருட்டைத் தடுக்க வைத்த விதி அது. உட்கார்ந்து, வெகு நேர்மையான ஆள்மாதிரி, உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டேன். யார் கேட்டாலும் சொல்லலாம்: அவன் சொத்தை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன், அதில் என்ன பிழை? பூட்டு தானாக விழுந்தது, விதி அப்படி.

பெயர் மாறுவதற்கு இரண்டு பேரும் சம்மதிக்கவேண்டும். எங்கள் இருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல் வரும், அதிலிருக்கிற பொத்தானை அழுத்தவேண்டும். நான் என்னுடையதை அழுத்தினேன். அவனுக்குப் போனது என் பெயரில்தான் போனது. இதைப் பார்த்துவிட்டாவது ‘என்னடா இது’ என்று போன் எடுப்பான் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானத்துக்குள் அழுத்திவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன திமிர் இவனுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் ஓர் இங்கிலீஷ் கடிதம் எழுதினேன். விதிகளின்படி அறுபது நாள் கழித்தே கோட் நம்பர் தரமுடியும். ‘அன்புள்ள ஐயா’ என்றுதான் நானும் தொடங்கினேன்.

அறுபது நாள் கிடைத்துவிட்டது. அது எனக்கு வெற்றிமாதிரி இருந்தது. இன்னும் அறுபது நாள் அவன் கடிதங்கள் எனக்கு வரும். அறுபது நாளில் ஒருநாள் வராமலா போவான்?

கடிதங்கள் வந்தன. ஆனால் அவற்றில் ஏதோ மாறியிருந்தது. ‘போன வாரம் எழுதியிருந்தோம், பதில் இல்லையே’ என்று ஒரு கடிதம். அதற்கு முன்பும் அப்படி ஒன்றிரண்டு வந்திருந்தன. அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, விருந்தாளிக்குக்கூடப் பதில் போடுவதில்லை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷத்தோடு அவற்றைத் தள்ளியிருந்தேன். பிறகு ‘தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை’ என்று ஒன்று. பூட்டு விழுந்து மூன்று வாரம் இருக்கும், இன்னொன்று வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்து தங்கிப்போன ஒரு தம்பதி. மறுபடி வந்தார்களாம். மழையில் கேட்டுக்கு வெளியே அரைமணி நேரம் நின்றார்களாம், வீடு மூடிக் கிடந்ததாம். ‘எங்கள் பெட்டிகளைத் தோளில் சுமந்து படியேறிய அந்த மனிதர் நலமா?’ என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். நலமா என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் அவன் வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரிந்துவைத்திருந்தவனுக்கு அவன் நலமா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை பதுளையில் ரயில் ஏறினேன். எல்ல ஸ்டேஷனில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூட்டமாக ஏறி வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். ஒரு பெண் தன் போனை என்னிடம் நீட்டிப் படம் எடுத்துத் தரும்படி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பண்டாரவளை தாண்டியதும் பனி ஏற ஆரம்பித்தது. வழி முழுக்க அவனைத் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

கேட் மூடியிருந்தது. தட்டினேன். அவன் மனைவி குடையோடு வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“வாங்கண்ணே,” என்றாள். கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “இப்பவாச்சும் வந்தீங்களே” என்றாள்.

அவனுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. எனக்கு அந்த ‘ஐயா’ கடிதம் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது. காலையில் விருந்தாளிகளுக்கு ஆப்பம் கொண்டுபோனவன் தட்டோடு விழுந்தானாம்.

“எனக்கு யாரும் சொல்லலையேம்மா,” என்றேன்.

“குரூப்புல போட்டாங்களேண்ணே. கூடப் படிச்சவங்க எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சோம்.” அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “நோவுக்கு யாராச்சும் ஆள் விட்டுக் கூப்புடுவாங்களா? கேள்விப்பட்டா வர்றதுதானே.”

எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். கல்யாணத்துக்கு வாசலுக்கு வந்து அழைப்பார்கள். நோவுக்கும் கேதத்துக்கும் அழைப்புக் கிடையாது, காதில் விழுந்ததும் போகவேண்டும். நான் அவன் வந்து சொல்லவேண்டும் என்று என் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நான் கேள்விப்பட்டு வருவேன் என்று தங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மொதல்ல மூனு கெழம பதுள ஆஸ்பத்திரியிலதான் இருந்தோம்,” என்றாள். “ஸ்பிரிங்வெளி பக்கந்தானே, அண்ணே இன்னிக்கு வந்துருவாரு, நாளைக்கு வந்துருவாருன்னு இவருகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன். பாக்குற நேரத்துக்கு மணியடிச்சா கண்ணு வாசப்பக்கமே போயிரும் இவருக்கு.”

அந்த மூன்று வாரத்தில் நான் பதுளை டவுனுக்குக் குறைந்தது நாலு தடவை போயிருப்பேன். அரிசி வாங்க, இன்டர்நெட் பில் கட்ட. ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள கடையில் நின்று வடை தின்றேன். அந்த வடையின் ருசிகூட ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மீதியைச் சொன்னாள். தனியாக விடுதியை நடத்த அவளால் முடியவில்லை. கொழும்புக் கம்பனி ஒன்று ஐந்து வருஷத்துக்கு லீசுக்கு எடுப்பதாக வந்திருக்கிறது. இவர்கள் பின்னறையில் இருந்துகொள்ளலாம், சமையல் அவள் பொறுப்பு. ஆனால் இணையத்தளம் கைக்கு வராமல் கையெழுத்து வைக்கமாட்டார்களாம்.

“அந்த இங்லிஷ் கடிதம் அவங்க எழுதிக் குடுத்ததுண்ணே. எனக்கு எங்க அதெல்லாம் தெரியும்? அப்படியே ஒங்களுக்கு அனுப்பிட்டேன். இப்ப அறுபது நாளுன்னு சொல்லிட்டீங்களாமே. அவங்க இந்த மாசக் கடைசிக்கு மேல காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்களாம். எல்லப் பக்கம் வேற எடம் பாத்து வச்சிருக்காங்க.”

அவளே தொடர்ந்தாள்.

“நடுவுல ஒங்க பேரு போட்டு ஒன்னு வந்துச்சுல்ல? எதையோ அமுக்கச் சொல்லி. எனக்குப் பயமா இருந்துச்சு. எதையாச்சும் அமுக்கி இருக்கிறதும் போயிருச்சுன்னா? அமுக்காம இவருகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். ஒங்க பேரப் பாத்தாரு. பாத்துட்டு அவரே எடது கையால அமுக்கிட்டாரு.”

திமிர் என்று நான் பல்லைக் கடித்தது அந்த அழுத்தலுக்குத்தான்.

அவனைப் பார்க்கக்கூடப் போகாமல் அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே கணினியைத் திறந்தேன். வெளிநாட்டுக் கம்பனியின் உதவிப் பிரிவில் கெஞ்சினேன். பூட்டை எடுக்கமுடியாது, யாருக்கும் விதிவிலக்கு இல்லை என்று பதில் வந்தது. போட்டவன் நான், என் கையிலேயே சாவி இல்லை. ஆனால் வேறு ஒரு வழி இருந்தது. பெயர் பூட்டியே கிடந்தாலும் அந்தப் பெயர் எந்த இடத்தைக் காட்டவேண்டும் என்பதை மாற்றலாம். அதற்குப் பூட்டு தடையில்லை. கோப்புகளையும் மின்னஞ்சல்களையும் புது இடத்துக்கு ஏற்றி, பெயரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் அன்றைக்கே தளம் அவர்கள் கைக்குப் போய்விடும், மீதிப் பதிவுமாற்றம் பிறகு மெதுவாக நடக்கலாம். இது எனக்கு முதல் நாளே தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கம்பனியின் ஆளுக்குப் போன் எடுத்தேன். பூட்டு திறக்கிற அன்றே கோட் நம்பர் தருவதாகக் கைப்பட எழுதிக் கையெழுத்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் யாரிடமோ கேட்டுவிட்டு, சரி, அப்படியானால் இந்த வாரமே கையெழுத்து வைக்கலாம் என்றார். அவன் மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், சிலுவைக்குறி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோப்புகள் ஏற மூன்று மணி நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு எனக்குப் பிரதி அனுப்புகிற அந்த ஏற்பாட்டைத் திறந்தேன். புது இடத்தில் அது தானாகவே செத்துப்போகும், நான் தொடத் தேவையில்லை. இருந்தாலும் என் கையால் அழித்தேன். பெயரையும் திருப்பிவிட்டேன். இனி முழங்கால் வலிக்காரர்களும் மேகம் வேண்டாதவர்களும் எனக்கு எழுதமாட்டார்கள். மார்புக்குள் ஒரு அறை காலியானமாதிரி இருந்தது. அந்த நேரத்திலும் எனக்காகத்தான் வருத்தப்பட்டேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

“போய்ப் பாருங்கண்ணே,” என்றாள் அவள். “ஒன்னு சொல்லிர்றேன். இப்ப ஒரே ஒரு வார்த்ததான் வருது அவருக்கு. ‘சரி’ மட்டும். வலிக்குதான்னு கேட்டாலும் அதான், பசிக்குதான்னு கேட்டாலும் அதான். வெளங்குதான்னு கேட்டா, எல்லாம் வெளங்குதுன்னு டொக்டர் சொல்றாரு.”

விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற நல்ல அறையில் ஜன்னலுக்கு முன்னால் அவனை உட்காரவைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக மேகம், வேறு ஒன்றும் இல்லை. பாதியாக இளைத்திருந்தான். என்னைக் கண்டதும் ஒரு பக்க முகம் சிரித்தது, மறுபக்கம் சும்மா இருந்தது. இடது கையை நீட்டினான். நான் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன். ரயிலில் அடுக்கிவைத்த திட்டு ஒன்றும் வரவில்லை, அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அவன் என் கையை விடவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். “மச்சான், அந்தப் பூட்டு தானா விழலடா. நாந்தான் போட்டேன். நீ வாசலுக்கு வந்து கேக்கணும்னு ரோஷத்துல போட்டேன்.”

“சரி,” என்றான்.

“ஒங்க லீசு கைநழுவிப் போயிருக்கும் என்னால.”

“சரி.”

“ஒனக்கு வர்ற கடிதமெல்லாம் பன்னெண்டு வருஷமா நான் திருட்டுத்தனமா வாசிச்சிருக்கேன்டா. ஒன்னுவிடாம.”

அவன் கண் என்மேல் நின்றது. கையின் பிடி இறுகியதா, தளர்ந்ததா என்று எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும் எனக்கு நிச்சயமில்லை. “சரி,” என்றான்.

“நீ பதுளையில கெடந்தப்ப நான் ஆஸ்பத்திரிக்கு முன்னால நின்னு வட தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.”

“சரி.”

மன்னித்துவிட்டேன் என்று சொன்னானா, போதும் நிறுத்து என்று சொன்னானா, சொல்ல நினைத்த வசவு வாயில் வராமல் இதுதான் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால், அதற்கும் அதே வார்த்தைதான் வரும்.

அறுபதாம் நாள் முடிந்ததும் கோட் நம்பரைக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தத் தளத்தில் என் கைபட்டது ஒன்றும் இல்லை, படங்களைக்கூட மாற்றிவிட்டார்கள். பகலில் லயத்தில் நானும் நாய்களும், மழை வந்தால் துணிகளும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருதடவை ரயில் ஏறி அப்புத்தளைக்குப் போகிறேன். பின்னறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் செய்ததை ஒன்றொன்றாக மறுபடியும் சொல்கிறேன். பேச்சுத் திரும்பிக்கொண்டிருக்கிறது, புதுசு புதுசாக வார்த்தைகள் வருகின்றன என்கிறாள் அவன் மனைவி. மழை என்கிறானாம், தண்ணி என்கிறானாம். என்னிடம் மட்டும் இன்னும் அந்த ஒரே வார்த்தைதான். ஒருநாள் அவன் என் முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லவேண்டும். அதைக் கேட்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.